சொந்த லினக்ஸ் நிறுவல் வட்டுக்குப் பொதிகளின் சார்புகளைத் தீர்க்கும் முறை

இணைய இணைப்பு இல்லாத கணினிகளில் லினக்ஸை நிறுவ வேண்டியவர்கள், தங்களுக்குத் தேவையான மென்பொருள்களைச் சேர்த்துச் சொந்தமாக ஒரு நிறுவல் வட்டைத் தயாரித்துக்கொள்கிறார்கள். வட்டுப் படிமத்தை உருவாக்கும் வேலைக்கு நல்ல கருவிகள் இருப்பதால் அதில் பெரிய சிக்கல் வருவதில்லை. எந்தெந்தப் பொதிகள் (நிறுவுவதற்கு ஏற்றபடி கட்டிவைத்த மென்பொருள் கோப்புகள்) வட்டில் இருந்தாக வேண்டும் என்று கண்டறிவதில்தான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். ஒரு பொதிக்குத் தேவைப்படும் மற்றப் பொதிகளே அதன் சார்புகள். ஒரே ஒரு நூலகப் பொதி விடுபட்டாலும் நிறுவல் பாதியில் நின்றுவிடக்கூடும். சில வேளைகளில் எல்லாம் நல்லபடியாக முடிந்ததுபோல் தோன்றி, பல நாள் கழித்து ஏதோவொரு சேவை இயங்காதபோதுதான் குறை வெளியே தெரியும்.

இந்தத் தவறுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே காரணம்தான் உண்டு. பொதிகளைத் திரட்டுகிறவர், தம் முன்னால் இயங்கிக்கொண்டிருக்கும் கணினியிடம் “இந்த மென்பொருளுக்கு இன்னும் என்னென்ன வேண்டும்?” என்று கேட்கிறார். அந்தக் கணினியில் ஏற்கெனவே நூற்றுக்கணக்கான பொதிகள் இருக்கின்றன; ஆகவே அதனிடம் இல்லாதவற்றை மட்டுமே அது பட்டியலிடுகிறது. வட்டு சென்று சேரும் கணினியிலோ எதுவுமே இருக்காது. எனவே வெற்று வன்தட்டின் நிலையிலிருந்து கணக்கிடுவதே இந்த வேலையின் அடிப்படை விதி. இங்கே டெபியன் 12-ஐ எடுத்துக்கொண்டு விளக்குகிறேன். ரெட் ஹேட் வழிவந்த அமைப்புகளில் மாறுபடும் இடங்களைப் பிற்பகுதியில் சொல்கிறேன்.

களஞ்சியத்தை உறைய வைத்தல்

கணக்கைத் தொடங்குவதற்கு முன்னால், பொதிகளை இறக்கும் இடமான களஞ்சியம் அசையாமல் நிற்க வேண்டும். பாதிப் பொதிகளை ஒரு நாளும் மீதியைப் பத்து நாள் கழித்தும் இறக்கினால், இடையில் ஒரு பாதுகாப்புப் புதுப்பிப்பு வந்து பதிப்புகளைக் கலைத்துவிடும். ஒரே மூலநிரலிலிருந்து உருவாகும் பொதிகள் பெரும்பாலும் ஒன்றையொன்று துல்லியமான பதிப்பு எண்ணோடு கேட்கும் என்பதை மறக்கக் கூடாது. எடுத்துக்காட்டாக, லிப்சி6-டெவ் என்ற பொதி, தன் பதிப்பும் லிப்சி6-இன் பதிப்பும் ஓர் எழுத்துகூட மாறாமல் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கேட்கிறது. ஒன்று பழையதாகவும் மற்றொன்று புதியதாகவும் வட்டில் ஏறிவிட்டால், இரண்டு பெயர்களும் பட்டியலில் இருந்தும் பயனில்லை.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. களஞ்சியத்தின் ஒரு பிரதியைச் சொந்த வன்தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு, வேலை முடியும்வரை அதைத் தொடாமல் இருப்பது ஒன்று. களஞ்சியத்தின் பழைய நிலைகளைச் சேமித்து வைக்க டெபியன் தானே நடத்தும் ஸ்னாப்ஷாட் சேவையில் ஒரு குறிப்பிட்ட நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுத்து, களஞ்சிய முகவரியைத் தரும் எல்லா மூல வரிகளையும் அதற்கே திருப்புவது மற்றொன்று. ஸ்னாப்ஷாட்டைப் பயன்படுத்தும்போது, களஞ்சியத்தின் பட்டியல்களை உறுதிசெய்யும் பழைய ரிலீஸ் கோப்பின் காலாவதி நாளைச் சோதிக்க வேண்டாம் என்று, டெபியனில் பொதிகளை இறக்கி நிறுவும் கருவியான ஆப்டுக்குச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அது பட்டியலை ஏற்க மறுக்கும். முதன்மைக் களஞ்சியம், புதுப்பிப்புகள், பாதுகாப்புப் புதுப்பிப்புகள் ஆகிய மூன்றையும் ஒரே நேரக் குறியோடு எடுப்பது அவசியம். பத்துமுறை கணக்கிட்டாலும் ஒரே விடை வர வேண்டும் என்பதுதான் நோக்கம். விடை மாறிக்கொண்டே இருந்தால் பிழை எங்கே என்று தேடவே முடியாது.

எந்தச் சார்புகளைப் பின்தொடர்வது

ஒரு டெபியன் பொதியின் விவரங்களைத் தரும் கன்ட்ரோல் கோப்பில் சார்பைக் குறிக்கும் புலங்கள் பல. டிபெண்ட்ஸ், பிரீ-டிபெண்ட்ஸ் ஆகிய இரண்டும் கட்டாயமானவை. பிரீ-டிபெண்ட்ஸ், நிறுவலின் வரிசையை இன்னும் கண்டிப்பாக்குகிறதே தவிர, வட்டில் எது இருக்க வேண்டும் என்ற கேள்வியைப் பொறுத்தவரை டிபெண்ட்ஸுக்குச் சமமானதுதான். இருந்தால் பயன்படக்கூடியவற்றை மட்டும் சொல்லும் சஜெஸ்ட்ஸ் என்பதை வட்டுக்காகப் பின்தொடர வேண்டியதில்லை.

இடையில் இருக்கும் ரெக்கமெண்ட்ஸ்தான் யோசித்து முடிவெடுக்க வேண்டிய புலம். வழக்கமான நிறுவல்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் சேர்ந்தே இருக்கும் பொதிகளை இந்தப் புலத்தில் எழுத வேண்டும் என்பது டெபியனின் கொள்கை. ஆப்டும் இயல்பாக இவற்றைச் சேர்த்தே நிறுவுகிறது. வட்டு சிறியதாக இருக்கட்டும் என்று இவற்றை ஒட்டுமொத்தமாக விலக்குகிறவர்கள் உண்டு. விலக்கினால் பிழைச் செய்தி எதுவும் வராது, ஏனெனில் வட்டில் இல்லாத ரெக்கமெண்ட்ஸ் பொதிகளை ஆப்ட் சத்தமின்றித் தாண்டிச் சென்றுவிடும். இணையத்திலிருந்து கோப்புகளை இறக்கும் டபிள்யூகெட் நிரலைப் பாருங்கள்: அது சிஏ-சர்டிஃபிகேட்ஸ் பொதியை ரெக்கமெண்ட்ஸில்தான் வைத்திருக்கிறது. அதை விட்டுவிட்டு நிறுவிய கணினியில் டபிள்யூகெட் ஓடும். ஆனால் பாதுகாப்பான இணைப்பு ஒவ்வொன்றையும், சான்றிதழைச் சரிபார்க்க முடியவில்லை என்று சொல்லி மறுக்கும். ஆகவே என் பரிந்துரை இது: முதலில் ரெக்கமெண்ட்ஸையும் சேர்த்துக் கணக்கிட்டு, பிறகு வேண்டாதவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி நீக்குங்கள். எந்த முடிவை எடுத்தாலும், வட்டைத் தயாரிக்கும்போது இருந்த அதே அமைப்பு, நிறுவும் கணினியின் ஆப்ட் அமைப்பிலும் இருக்க வேண்டும்.

சார்பு வரிகளில் செங்குத்துக் கோட்டால் பிரிக்கப்பட்ட மாற்றுகளும் வரும். ஓப்பன்எஸ்எஸ்ஹெச்-சர்வர் பொதி, “டெப்கான்ஃப் 0.5 அல்லது அதற்கு மேற்பட்டது, அல்லது டெப்கான்ஃப்-2.0” என்று கேட்கிறது. இவற்றில் இரண்டாவது பெயரில் உண்மையான பொதி எதுவும் கிடையாது. அது ஒரு மெய்நிகர் பெயர். டெப்கான்ஃபும் சிடெப்கான்ஃபும் தங்கள் புரவைட்ஸ் புலத்தில் அந்தப் பெயரைத் தாங்கி நிற்கின்றன. ஆப்ட்-கேஷ் கருவியின் டிபெண்ட்ஸ் கட்டளையை ரிகர்ஸ் விருப்பத்தோடு ஓட்டினால், அது எல்லா மாற்றுகளையும், எல்லா மெய்நிகர் பெயர்களைத் தாங்குபவற்றையும் பின்தொடர்ந்து செல்லும். பட்டியல் தேவைக்கு மிஞ்சி வீங்கிவிடும். சார்புகளின் வடிவத்தைப் புரிந்துகொள்ள அந்தக் கட்டளை நல்லது. வட்டுக்கான பட்டியலைத் தயாரிக்க அதை நம்பக் கூடாது. எந்த மாற்று வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்து, அந்தப் பொதியின் பெயரை மேல்நிலைப் பட்டியலில் (நீங்கள் நேரடியாகக் கேட்கும் பொதிகளின் பட்டியல்) வெளிப்படையாக எழுதிவிடுவது நல்லது. அஞ்சல் சேவைக்கு எக்ஸிமா போஸ்ட்ஃபிக்ஸா என்பது போன்ற முடிவுகளை ஆப்ட் போன்ற தீர்வுக் கருவியின் கையில் விடாதீர்கள்.

இதையெல்லாம் சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுதித் தீர்க்கலாமே என்று தோன்றும். வேண்டாம் என்பேன். லிப்சி6, லிப்ஜிசிசி-எஸ்1-ஐக் கேட்கிறது. லிப்ஜிசிசி-எஸ்1 திரும்ப லிப்சி6-ஐக் கேட்கிறது. இப்படிச் சுற்றி வரும் சார்புகளைக் கண்டுகொள்ளாத ஸ்கிரிப்ட் முடிவில்லாமல் ஓடும். சுற்றைச் சமாளித்தாலும், பதிப்புக் கட்டுப்பாடுகள், மாற்றுகள், முரண்பாடுகள் ஆகியவை ஒன்றுசேரும்போது, ஒரு பொதியை நிறுவ முடியுமா என்ற கேள்வி என்பி-முழுமை வகையை (எல்லா நிலைகளிலும் விரைவாகத் தீர்க்கும் வழி அறியப்படாத கணக்குகள்) சேர்ந்ததாகிவிடுகிறது என்று நிறுவப்பட்டிருக்கிறது. ஓப்பன்சூசே தன் தீர்வுக் கருவியை, எல்லா நிபந்தனைகளுக்கும் ஒன்றாகப் பொருந்தும் விடையைத் தேடும் சாட் முறைக்கு மாற்றியதற்கும், ரெட் ஹேட் வழிவந்த அமைப்புகளின் கருவியான டிஎன்எஃப் அந்த முறைக்கான அதே நூலகத்தின் மேல் எழுப்பப்பட்டதற்கும் பின்னணி இதுதான். தீர்வுக் கருவியைப் பயன்படுத்துங்கள்; அதற்குச் சரியான சூழலை மட்டும் அமைத்துக்கொடுங்கள்.

வெற்று நிலையிலிருந்து கணக்கிடுதல்

ஆப்ட், எந்தப் பொதிகள் நிறுவப்பட்டுள்ளன என்பதை அடிநிலை நிறுவல் கருவியான டிபிகேஜியின் ஸ்டேட்டஸ் கோப்பைப் படித்தே அறிகிறது. அந்தக் கோப்பின் இடத்தை அமைப்பு விருப்பம் ஒன்றால் மாற்ற முடியும். ஒரு தனி அடைவை உருவாக்கி, அதில் ஒரு காலியான ஸ்டேட்டஸ் கோப்பு, உறைய வைத்த களஞ்சியத்தைச் சுட்டும் மூலப் பட்டியல், பட்டியல்களுக்கும் இறக்கிய கோப்புகளுக்கும் தனித்தனி அடைவுகள் ஆகியவற்றை வையுங்கள். ஆப்டின் ஸ்டேட்டஸ், பட்டியல்கள், கேஷ் (இறக்கிய கோப்புகள் சேரும் இடம்), மூலப் பட்டியல் ஆகிய நான்கு பாதைகளையும் இந்த அடைவுக்குத் திருப்பி, களஞ்சியத்தின் கையொப்பச் சாவியையும் தந்து, முதலில் அப்டேட் கட்டளையை ஓட்டுங்கள். இனி ஆப்டின் பார்வையில் இந்தக் கணினியில் எதுவுமே இல்லை. கேஷ் அடைவைத் தனியாக வைப்பதும் முக்கியம். ஏற்கெனவே இறக்கி வைத்திருக்கும் கோப்புகளை ஆப்ட் மீண்டும் பட்டியலிடாது என்பதால், பழைய கேஷை அப்படியே விட்டால் அந்தப் பொதிகள் உங்கள் கண்ணில் படாமல் போகும்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் இருக்கிறது. எசென்ஷியல் என்று குறிக்கப்பட்ட பொதிகளை மற்றப் பொதிகள் தங்கள் சார்பு வரியில் எழுத வேண்டியதில்லை. அவை எப்போதும் இருக்கும் என்பது டெபியனில் பொது உடன்பாடு. கோர்யுட்டில்ஸ், டார், செட், கிரெப், டிபிகேஜி ஆகியவை அத்தகையவை. ஆகவே உங்கள் மென்பொருளிலிருந்து தொடங்கிச் சார்பு வரிகளை மட்டும் எவ்வளவு கவனமாகப் பின்தொடர்ந்தாலும் இவற்றில் பல தட்டுப்படாமலே போகலாம். அடிப்படை அமைப்பின் பட்டியலைத் தனியே எடுத்துச் சேர்த்தாக வேண்டும். டெபூட்ஸ்ட்ராப் கருவியைப் பிரிண்ட்-டெப்ஸ் விருப்பத்தோடு ஓட்டினால், எதையும் நிறுவாமல், அடிப்படை அமைப்புக்கான பொதிகளின் பெயர்களை மட்டும் அது அச்சிட்டுத் தரும். டெபியனின் நிறுவல் நிரலும் அடிப்படை அமைப்பை டெபூட்ஸ்ட்ராப் கொண்டே அமைக்கிறது என்பதால், இந்தப் பட்டியல் நிறுவலின்போது உண்மையில் கேட்கப்படும் பட்டியலோடு ஒத்துப்போகும்.

அந்தப் பட்டியலையும் உங்கள் மேல்நிலைப் பட்டியலையும் சேர்த்து, ஆப்ட்-கெட் இன்ஸ்டால் கட்டளைக்குப் பிரிண்ட்-யூஆர்ஐஸ் விருப்பத்தோடு கொடுங்கள். ஒவ்வொரு பொதிக்கும் ஒரு வரி வரும்: முதலில் மேற்கோளுக்குள் முகவரி, அடுத்துக் கோப்பின் பெயர், பிறகு பைட்டுகளில் அளவு, இறுதியில் சரிபார்ப்புத் தொகை. மூன்றாவது பத்தியைக் கூட்டினால், ஒரு பைட்டைக்கூட இறக்குவதற்கு முன்பே வட்டின் அளவு தெரிந்துவிடும். அளவு ஒத்துவந்தால், அதே கட்டளையை டவுன்லோட்-ஒன்லி விருப்பத்தோடு ஓட்டிப் பொதிகளை இறக்கிக்கொள்ளலாம்.

நிறுவல் நிரல் தானாகக் கேட்கும் பொதிகள்

நீங்கள் கேட்ட பொதிகள் ஒருபுறம் இருக்க, நிறுவல் நிரல் அந்தந்தக் கணினியின் வன்பொருளைப் பார்த்துத் தானாகவே சிலவற்றைக் கேட்கும். இவை எந்தப் பொதியின் சார்பு வரியிலும் இருக்காது. கர்னல் பொதி, கிரப் துவக்க நிரல், வன்தட்டுப் பிரிவினைகளுக்கு ஏற்ப எல்விஎம்2, கிரிப்ட்செட்டப், எம்டிஅட்மின், எக்ஸ்எஃப்எஸ்புரோக்ஸ், யுஇஎஃப்ஐ என்ற புதிய துவக்க முறைக் கணினிகளுக்கு இஎஃப்ஐபூட்எம்ஜிஆர், ஷிம்-சைன்டு, செயலிக்கு ஏற்ற மைக்ரோகோட், வலையட்டைகளின் ஃபர்ம்வேர், விசைப்பலகை அமைப்புப் பொதிகள் ஆகியவை இந்த வகையில் அடங்கும். டெபியன் 12 முதல் ஃபர்ம்வேர் பொதிகள் நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் என்ற தனிப் பகுதியில் இருப்பதால், மூலப் பட்டியலில் அதையும் சேர்த்திருக்க வேண்டும்.

இவற்றில் கிரப் ஒரு முக்கியமான பாடத்தைத் தருகிறது. பழைய பயாஸ் முறைக் கணினிக்குக் கிரப்-பிசி வேண்டும். யுஇஎஃப்ஐ கணினிக்குக் கிரப்-இஎஃப்ஐ-ஏஎம்டி64 வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று முரண்படும் பொதிகள். ஒரே கணினியில் சேர்ந்து இருக்க முடியாது. வட்டிலோ இரண்டும் இருந்தாக வேண்டும். இரண்டையும் ஒரே இன்ஸ்டால் கட்டளையில் கொடுத்தால் ஆப்ட் மறுத்துவிடும். ஆகவே எதிர்பார்க்கும் கணினி வகை ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி மேல்நிலைப் பட்டியல் வைத்து, ஒவ்வொன்றையும் வெற்று நிலையிலிருந்து தனித்தனியே தீர்த்து, கிடைக்கும் விடைகளை இறுதியில் ஒன்றுசேர்க்க வேண்டும். களஞ்சியம் உறைந்த நிலையில் இருப்பதால் பதிப்புகள் மோதிக்கொள்ளாது. வட்டில் ஒன்றாக இருப்பது வேறு, ஒரு கணினியில் ஒன்றாக நிறுவப்படுவது வேறு என்ற இந்த வேறுபாட்டை வேலை முழுவதும் மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

நிறுவல் நிரல் தன் சொந்தத் தேவைக்குப் பயன்படுத்தும் யுடெப் என்ற சிறு பொதிகளையும் கவனியுங்கள். கர்னல் தொகுதிகளைக் கொண்ட யுடெப்கள் தங்கள் பெயரிலேயே கர்னல் பதிப்பைத் தாங்கியிருக்கும். நிறுவல் நிரல் எந்தக் கர்னலில் துவங்குகிறதோ அதே பதிப்புக்குரிய யுடெப்கள் வட்டில் இல்லாவிட்டால், கர்னல் தொகுதிகள் எதுவும் கிடைக்கவில்லை என்ற செய்தியோடு நிறுவல் தொடக்கத்திலேயே நின்றுவிடும். துவக்கக் கோப்புகளையும் யுடெப்களையும் ஒரே வெளியீட்டிலிருந்து எடுத்தால் இந்தச் சிக்கல் எழாது.

வெளியார் பொதிகளும் மறைந்திருக்கும் தேவைகளும்

டெபியன் களஞ்சியத்துக்கு வெளியிலிருந்து வரும் பொதிகளில் சார்பு வரிகள் எப்போதும் நம்பத்தக்கவையாக இருப்பதில்லை. டெபியன் 11-க்காகக் கட்டப்பட்ட பொதி லிப்எஸ்எஸ்எல்1.1-ஐக் கேட்கும், டெபியன் 12-இல் இருப்பதோ லிப்எஸ்எஸ்எல்3. பழைய வெளியீட்டிலிருந்து அந்த நூலகத்தை மட்டும் எடுத்து வட்டில் வைத்தால் சார்பு தீர்ந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் டெபியன் 12-இன் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் அந்த நூலகத்துக்கு ஒருபோதும் வராது. மறையாக்க நூலகம் ஒன்றை அப்படிக் கைவிடப்பட்ட நிலையில் பல கணினிகளில் பரப்புவது பொறுப்பான செயல் ஆகாது. புதிய வெளியீட்டுக்காகக் கட்டப்பட்ட பொதியைக் கேட்டுப் பெறுவதே சரி.

நிறுவும்போது இணையத்திலிருந்து எதையாவது இறக்கும் பொதிகள் இன்னொரு வகை. மைக்ரோசாஃப்ட் எழுத்துருக்களை நிறுவும் டிடிஎஃப்-எம்எஸ்கோர்ஃபான்ட்ஸ்-இன்ஸ்டாலர் பொதிக்குள் எழுத்துருக்கள் இல்லை. நிறுவியபின் ஓடும் ஸ்கிரிப்ட்தான் அவற்றை இறக்குகிறது. சார்புகள் முழுமையாகத் தீர்ந்திருந்தும் இணையமில்லாத கணினியில் இது தோற்கும். நிறுவும் கணினியிலேயே டிகேஎம்எஸ் வழியாகக் கட்டப்படும் கர்னல் தொகுதிகளுக்கு, நிறுவப்படும் கர்னலின் பதிப்போடு பொருந்தும் ஹெட்டர் பொதியும் வட்டில் வேண்டும். 32-பிட் நூலகங்கள் தேவைப்பட்டால், அவற்றின் பதிப்பும் 64-பிட் இணைகளின் பதிப்பும் ஒன்றாக இருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

வட்டில் களஞ்சியத்தை அமைத்தல்

பொதிகளைப் பூல் அடைவில் அடுக்கி, ஆப்ட்-எஃப்டிபிஆர்கைவ் அல்லது ரெப்ரெப்ரோ கொண்டு பேக்கேஜஸ் பட்டியலையும் ரிலீஸ் கோப்பையும் உருவாக்கி, ரிலீஸ் கோப்பில் உங்கள் சாவியால் கையொப்பமிடுங்கள். கையொப்பச் சோதனையை அணைத்துவிடும் குறுக்குவழி இருந்தாலும் அதைத் தவிர்ப்பது நல்லது.

கோப்புப் பெயர்களில் ஒரு பொறி உண்டு. ஆப்டின் கேஷ் அடைவில் இறங்கும் கோப்புகளின் பெயரில், பதிப்பின் முன்னால் வரும் எபாக் எண்ணை அடுத்த முக்காற்புள்ளி, விழுக்காட்டுக் குறியோடு கூடிய மூன்று எழுத்துக் குறியீடாக மாற்றி எழுதப்பட்டிருக்கும். களஞ்சியத்தில் அதே கோப்பின் பெயரில் எபாக்கே இருக்காது. கேஷிலிருந்து அப்படியே வட்டுக்கு நகர்த்தினால், அந்தக் குறியீடு முகவரியாகப் படிக்கப்படும்போது மீண்டும் முக்காற்புள்ளியாக விரிந்து, கோப்பு இல்லை என்ற பிழை எழ வாய்ப்புண்டு. எபாக் பகுதியை நீக்கிப் பெயர் மாற்றிய பிறகே பட்டியலை உருவாக்குங்கள். வட்டுப் படிமத்தின் கோப்பமைப்பான ஐஎஸ்ஓ 9660-இன் அடிப்படை நிலை, எட்டு எழுத்துப் பெயரும் மூன்று எழுத்துப் பின்னொட்டும் மட்டுமே அனுமதிப்பதால், சோரிசோ கொண்டு படிமத்தை எழுதும்போது நீண்ட பெயர்களை அனுமதிக்கும் ராக் ரிட்ஜ் நீட்டிப்பு இயக்கத்தில் இருப்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரிபார்த்தல்

படிமத்தை எழுதுவதற்கு முன்பே வட்டின் களஞ்சியம் தனக்குள் முழுமையானதா என்று சோதிக்க முடியும். டோஸ்-டெப்செக் கருவிக்குப் பேக்கேஜஸ் கோப்பைக் கொடுத்து, தோல்விகளை மட்டும் விளக்கத்தோடு காட்டச் சொன்னால், எந்தப் பொதியை நிறுவ இயலாது, எந்தச் சங்கிலியின் வழியாக எது விடுபட்டது என்பதை அது எழுதித் தரும். இயல்பாக அது ஒவ்வொரு பொதியையும் தனித்தனியே சோதிக்கிறது. ஒரு கணினி வகைக்குரிய பொதிகள் அனைத்தும் சேர்ந்து நிறுவத்தக்கவையா என்பதை அறிய வேண்டுமானால், ஈக்விவ்ஸ் கருவியால் ஒவ்வொரு வகைக்கும் ஒரு வெற்றுப் பொதியை உருவாக்கி, அந்த வகையின் மேல்நிலைப் பட்டியல் முழுவதையும் அதன் டிபெண்ட்ஸ் வரியில் எழுதிவிடுங்கள். அந்த ஒரு பொதி தேறினால் அந்த வகையே தேறியதாகப் பொருள். நிறுவலின்போதும் அந்த ஒரே பெயரைக் கேட்டால் போதும்.

அடுத்தபடியாக, வலைப்பின்னல் இல்லாத ஒரு பெயர்வெளியில் (கணினிக்குள் தனியே பிரித்த ஒரு சூழலில்), வட்டின் அடைவையே மூலமாகக் கொடுத்து டெபூட்ஸ்ட்ராப்பை ஒரு வெற்று அடைவுக்குள் ஓட்டிப் பாருங்கள். அன்ஷேர் கட்டளையில் வலைப்பின்னலைப் பிரிக்கும் விருப்பம் இதற்கு உதவும். இறுதிச் சோதனை, கியூஎமு என்ற மெய்நிகர் கணினியில் வலையட்டையே இல்லாமல் படிமத்தைத் துவக்கி நிறுவுவதுதான். பயாஸிலும் யுஇஎஃப்ஐயிலும் தனித்தனியே இதைச் செய்ய வேண்டும். நிறுவும்போது நான்காவது மெய்நிகர் முனையத்தில் ஓடும் பதிவைக் கவனித்தால், எந்தப் பொதி கேட்கப்பட்டுக் கிடைக்காமல் போனது என்பது அங்கேயே தெரியும். அப்படிக் கிடைக்காத பெயரை மேல்நிலைப் பட்டியலில் சேர்த்துவிட்டுக் கணக்கை முதலிலிருந்து ஓட்டுங்கள். விடுபட்ட ஒரு கோப்பைக் கையால் பூல் அடைவில் போட்டுவிட்டு நகர்ந்தால், அதன் சார்புகள் வட்டில் இருக்கின்றனவா என்று யாரும் சோதித்திருக்க மாட்டார்கள்.

ரெட் ஹேட் வழிவந்த அமைப்புகளில்

கொள்கை ஒன்றுதான், கருவிகள் மாறும். டிஎன்எஃப் டவுன்லோட் கட்டளையின் ரிசால்வ் விருப்பம், இயங்கும் கணினியில் ஏற்கெனவே உள்ள பொதிகளை விட்டுவிடும். இன்ஸ்டால்ரூட் விருப்பத்தில் ஒரு வெற்று அடைவைத் தந்து, வெளியீட்டு எண்ணையும் குறிப்பிட்டால் வெற்று நிலையிலிருந்து கணக்கிடப்படும். இந்த அமைப்புகளின் ஆர்பிஎம் வகைப் பொதிகள் நூலகங்களின் பெயரையோ ஒரு கோப்பின் முழுப் பாதையையோகூடச் சார்பாகக் கேட்கும் என்பதால், பொதியின் பெயர்களை மட்டும் வைத்துத் தேடுவது பலன் தராது. அனகொண்டா நிறுவல் நிரல் கோர் குழுவை இயல்பாகவே நிறுவுகிறது; ஆகவே அந்தக் குழுவையும், குழுக்களை விவரிக்கும் காம்ப்ஸ் கோப்பையும் விடாமல் சேர்க்க வேண்டும். கிரியேட்ரெப்போ-சி கருவிக்குக் காம்ப்ஸ் கோப்பைத் தனி விருப்பமாகக் கொடுத்தால்தான் அது பட்டியலில் ஏறும். ரெட் ஹேட் 8 வழிவந்தவற்றில் ஆப்ஸ்ட்ரீம் களஞ்சியத்தின் மாட்யூல் விவரங்களையும் மாடிஃபைரெப்போ-சி கொண்டு சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் பொதி கண்ணெதிரே வட்டில் இருந்தும் டிஎன்எஃப் அதை ஏற்காது. முழுமையைச் சோதிக்க டிஎன்எஃப் ரெப்போகுளோஷர் இருக்கிறது. வட்டின் களஞ்சியத்தை மட்டும் இயக்கத்தில் வைத்து, மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அதை ஓட்டுங்கள்.

மேல்நிலைப் பட்டியல்கள், ஸ்னாப்ஷாட்டின் நேரக் குறி, ஆப்ட் அமைப்புக் கோப்பு, ஈக்விவ்ஸ் விவரங்கள் ஆகிய நான்கையும், மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் களஞ்சியம் ஒன்றில் வைத்துக்கொள்ளுங்கள். புதிய பாதுகாப்புப் புதுப்பிப்புகளோடு வட்டை மறுபடி தயாரிக்க வேண்டிய நாளில், நேரக் குறியை மட்டும் முன்னகர்த்தி, கணக்கையும் சோதனைகளையும் அதே வரிசையில் மீண்டும் ஓட்டினால் போதும். பழைய விடைக்கும் புதிய விடைக்கும் இடையிலான வேறுபாட்டைப் பார்த்தால், எந்தப் பொதி புதிதாக நுழைந்தது, எது விலகியது என்பது வரிக்கு வரி தெரிந்துவிடும்.